உண்மை நகல்

போனில் அதை இறக்கி முடிக்க மூன்று இரவு ஆனது.
ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான்.
பன்னிரண்டு மணி அடித்தால் மறுநாள் பங்கு திறக்கும்,
ரேஷன் வரிசை மாதிரி,
உட்கார்ந்துகொண்டே நிற்கலாம்.

கம்ப்யூட்டர் மார்த்தாண்டத்தில் மூடிப்போன
ராபின்சன் ஜாப் டைப்பிங்கில் வாங்கியது, இரண்டாயிரத்து ஐந்நூறு.
திரை மூலையில் நாலு வருஷமாக ஒரு வரி:
இந்த நகல் உண்மையானதல்ல.
அதன் முன்னே உட்கார்ந்துதான் களியல் ஊராருக்கு
உண்மை நகல் அடித்துக் கொடுத்தேன்.
பக்கத்துக்குப் பத்து ரூபாய்.

பழைய விண்டோஸ் செய்த கடைசி வேலை,
தன்னை அழிக்கப்போகிற பென் டிரைவைத்
தானே எழுதிக் கொடுத்தது.
முக்கால் மணி நேரம் முனகிற்று. மறுக்கவில்லை.

பால் வெட்டப் போக ஜெயசிங்
தலைவிளக்கைக் கட்டும்போது மணி இரண்டு.
"இது போச்சுண்ணா டைப்பிங்கும் போச்சு, கேட்டியா."
போவட்டு என்றேன்.

மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது.
தொடர். பின்செல். வன்தட்டு.
கூலியில்லாமல் யாரோ உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்.
மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும்
ஆங்கிலத்திலேயே கிடந்தது.
அந்த இடத்தில் அவருக்குக் கரண்ட் போயிருக்கும்,
இல்லை பிள்ளை அழுதிருக்கும்.

எந்த ஊர் நேரம் என்று ஒரு படம் வந்தது.
நிலம் முடியும் முனையில் சொடுக்கினேன்.
கொழும்பு என்றது.
ஒரு நூல் மேலே. கொழும்பு.
இன்னும் மேலே போனால் கொல்கத்தா.
சரி, நம்மை எந்தப் படத்தில்
சரியாக வைத்தார்கள்.

பிறகு அந்தக் கேள்வி:
வட்டை முழுவதும் அழிக்கவா?

பென் டிரைவை உருவிவிட்டுப்
பழையதையே மறுபடி எழுப்பினேன்.
ராபின்சன் எதையும் நீக்காமல்தான் விற்றிருக்கிறார்.
கத்தாருக்குக் கிளம்பினவர்களின் பயோடேட்டா;
எல்லோருக்கும் பொழுதுபோக்கு வாலிபால்.
ஒருவன் மட்டும் 'சும்மா இருப்பது' என்று போட்டிருந்தான்.
ஞானஸ்நான அட்டைகள்.
கலெக்டருக்கு நடைபாலம் கேட்டு மனு:
பாலம்மனு
பாலம்மனு கடைசி
பாலம்மனு கடைசி ரெண்டு
பாலம்மனு இதுதான் கடைசி.
ஒன்பது வருஷத்துத் தேதிகள்.
பாலம் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.
அந்த ஆற்றில் இறங்கித்தான்
ஜெயசிங் இப்போது அக்கரை போயிருக்கிறான்.

போனின் மெமரி கார்டில் பாலத்தை ஏற்றினேன்.
சும்மா இருந்தவனையும் ஏற்றினேன்.
மற்றவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அழி.

பட்டை நகர நகர விளம்பரம் போல வரிகள் ஓடின.
கட்டற்ற மென்பொருள், என்றது ஒன்று.
இலவசம் என்றால் தெரியும்:
மிக்சி, மின்விசிறி, மேலே ஒட்டின ஒரு முகம்.
இது வேறே போலிருக்கிறது.
இந்த வீட்டில் குழுக் கடன் வியாழக்கிழமை கட்டணும்,
சீட்டு ஐந்தாம் தேதி கட்டணும்,
கட்டாத மாதம் வாசல் விளக்கைப் போடுவதில்லை.
எடுத்துக்கொள், பிரித்துப் பார், மாற்று,
நகலெடுத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடு என்று
ஜாமீன் கேட்காமல் ஒருவரும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை.
இரண்டு தடவை வாசித்தேன்.
எங்கேயோ ஒரு பிடி இருக்கும் என்றுதான்.

ஐந்தே காலுக்குப் பெயர் கேட்டது. எப்சிபா.
கம்ப்யூட்டருக்கும் ஒரு பெயர் கேட்டது.
ராபின்சன் என்று வைத்தேன்.

மூலையில் அந்த வரி இல்லை.
பிரிண்டர் பேசவில்லை, அது நாளைய சண்டை.
பாலம்மனுவைத் திறந்தால்
பழைய எழுத்துரு, புரியாத கிறுக்கலாய்ப் பொழிந்தது.
பரவாயில்லை, அதன் நடை எனக்கு அத்துப்படி.
புதிதாக அடிக்கத் தொடங்கினேன்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு.

கறுப்புச் சாயா குடிக்க வந்த ஜெயசிங்
கைலி நுனியைப் பிழிந்தபடி
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
"முட்டளவு வெள்ளமுண்ணு போடு.
இடுப்பளவுண்ணு போட்டா நம்ப மாட்டானுவ."